நாணயமும் நியாயமும்: செங்குத்துத் திரைப்போர் விளையாட்டுகளைப் பற்றி ஓர் ஆராய்ச்சி

காசு போட்டு ஆடும் இயந்திரம் எதுவாயினும் அது இரண்டு பேருக்குக் கணக்குச் சொல்லியாக வேண்டும். இயந்திரத்தை வாங்கி வைத்திருக்கும் கடைக்காரருக்கு, ஒரு நாணயம் விழுந்த சில நிமிஷங்களுக்குள் ஆட்டம் முடிந்து அடுத்த நாணயம் விழ வேண்டும். ஆடுபவருக்கோ, தாம் தோற்றது தம் பிழையால்தான், இன்னொரு தடவை ஆடினால் அந்தப் பிழையைத் தவிர்த்துவிடலாம் என்ற நம்பிக்கை குலையாதிருக்க வேண்டும். சீக்கிரமாகவும் கொல்ல வேண்டும், கொன்றது நியாயமே என்று கொல்லப்பட்டவரையே ஒப்புக்கொள்ளச் செய்யவும் வேண்டும் என்ற இந்த விபரீதமான நிபந்தனைக்கு, 1970-களின் இறுதியிலிருந்து ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக் காலம் ஜப்பானிய வீடியோ கேம் கலைஞர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சொல்லி வந்த பதில்களின் சரித்திரமே, திரை மேலிருந்து கீழாக நகர, சின்னஞ்சிறு விமானம் ஒன்று அதன் அடிப்பகுதியில் நின்று சுட்டுக்கொண்டே போகும் அந்த விளையாட்டு வகையின் சரித்திரம் என்பது என் அபிப்பிராயம். வர்ணங்களும் இசையும் ஆயுத வகைகளும் பெருகியதையே இவ்வகையின் வளர்ச்சியாகக் கொண்டு எழுதப்படும் வரலாறுகள் உண்டு. எது மாறியது என்பதை அவை செவ்வனே சொல்கின்றன. ஏன் மாறியது என்ற கேள்வியை மட்டும் தொடாமல் விட்டுவிடுகின்றன.

பக்கவாட்டில் நகரும் விளையாட்டுகளை விட்டுவிட்டு, செங்குத்தாக நகர்பவற்றை மட்டும் இந்த ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. கொனாமி நிறுவனத்தின் 'ஸ்கிராம்பிள்' (1981), 'கிரேடியஸ்' (1985) போன்ற பக்கவாட்டு விளையாட்டுகளில் மலைமுகடும் குகைச் சுவருமே எதிரிகளாக நிற்கின்றன. சுவரில் மோதி மாண்டவர் சுவரை நொந்துகொள்ள முடியாது. செங்குத்து வகையில், கரோல் ஷா என்ற பெண்மணி வீட்டு இயந்திரத்துக்காக 1982-இல் ஆக்கிய 'ரிவர் ரெய்ட்' போன்ற சில விதிவிலக்குகள் நீங்கலாக, பூமி வெகு கீழே கிடக்கிறது. அதில் மோத வழியே இல்லை. ஆகையால் அங்கே நேரும் மரணம் ஒவ்வொன்றும் ஓர் எதிரி சுட்ட தோட்டாவாலோ அவ்வெதிரியின் உடலாலோ நேர்வது, அதாவது, எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து யாரோ ஒருவர் தீர்மானித்துவைத்த மரணம். படக்குழாயைப் பக்கவாட்டில் திருப்பி, அகலத்தைவிட உயரம் மிகும்படி நிறுத்திய அந்தத் திரையின் உயரமும் வெறும் அழகுக்காக ஏற்பட்டதன்று. தோட்டா உச்சியில் தோன்றி அடிக்கு வந்து சேரும் அவகாசத்தை அது நிர்ணயிக்கிறது. முன்கூட்டி எச்சரித்த பிறகே தண்டிக்க வேண்டும் என்பது நீதியின் முதல் லட்சணமானால், இங்கே எச்சரிக்கைக்குக் கிடைக்கும் நீளம் திரையின் நீளமேயாகும்.

டைட்டோ நிறுவனத்துக்காக டொமோஹிரோ நிஷிகாடோ 1978-இல் சிருஷ்டித்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' நகரும் திரை கொண்டதன்று. எனினும் வம்சத்தின் மூதாதை அதுவே. வரிசைக்குப் பதினொன்றாக ஐந்து வரிசைகளில் அணிவகுத்த 55 உருவங்களையும் ஒருங்கே நகர்த்த அக்காலத்துப் பிராஸஸர் திணறியது; சுடப்பட்டு அவை குறையக் குறைய அதன் சுமை குறைந்து, எஞ்சியவை வேகமாக நகர்ந்தன. ஜெயிக்க ஜெயிக்க ஆபத்து வளரும் என்ற சட்டம் இவ்விதம் இயந்திரத்தின் பலவீனத்திலிருந்து தானாகவே பிறந்தது. அதைத் தொடர்ந்து நாம்கோ வெளியிட்ட 'கலாக்ஸியன்' (1979) எதிரிகளை அணியிலிருந்து பிரிந்து பாயச் செய்தது. 'கலகா' (1981) ஒருபடி மேலே சென்று, தன் விமானத்தை எதிரியிடம் வேண்டுமென்றே சிறைப்படக் கொடுத்து, பிறகு மீட்டு, இரட்டை விமானமாகப் போராடும் உபாயத்தை ஆடுபவரின் விருப்பத்துக்கே விட்டது. ஆபத்தைத் தானே தேடி விலைக்கு வாங்குபவர் பிற்பாடு குறை சொல்வதில்லை என்ற மனோதத்துவம் அதில் அடங்கியிருந்தது.

1982 முடிந்து 1983 பிறக்கும் தறுவாயில் அதே நாம்கோ வெளியிட்ட 'ஸெவியஸ்' நம்முடைய கேள்வியை முதன்முதலாக முழு உருவத்தில் எதிர்கொண்ட விளையாட்டு. மஸனோபு எண்டோ என்ற இளைஞர் அதை வடிவமைத்தார். கறுப்பு ஆகாயத்தில் நட்சத்திரப் புள்ளிகள் விழுந்துகொண்டிருந்த காட்சிக்குப் பதிலாக, அடர்ந்த காடும் நதியும் மணல்வெளியும் கடற்கரையும் நகர்ந்து வந்தன. ஓரிடத்தில் பெரு நாட்டு நாஸ்கா பாலைவனத்தில் உள்ள பறவைக்கோடு தரையில் தென்பட்டது. எதிரிகளின் கலங்கள் பளபளக்கும் சாம்பல் நிற உலோகத்தில், ஒளியும் நிழலும் படிந்தவையாக வந்தன. பதினாறு பகுதிகளும் தனித்தனியே வரையப்பட்டவை அல்ல. ஒரே பெரிய நிலப்படத்திலிருந்து எடுத்த நெடுந்துண்டுகள். ஆகவே, எத்தனை முறை ஆடினாலும் ஒரே தேசத்தின் மேல்தான் பறக்கிறோம் என்ற உணர்ச்சி ஆடுபவருக்கு உண்டாகிறது.

'ஸோல்வாலு' என்ற விமானத்துக்கு இரண்டு ஆயுதங்கள்: வானத்து எதிரிகளைச் சுட ஒரு பொத்தான், தரைக் கட்டடங்களின் மேல் குண்டு போட மற்றொன்று. குண்டு விழப்போகும் இடத்தை, விமானத்துக்கு எப்போதும் ஒரே தூரம் முன்னால் நகரும் ஒரு குறிவளையம் காட்டும். பொத்தானை அழுத்திய பின் குண்டு தரையை எட்டச் சற்று நேரம் பிடிக்கும். இவ்வேற்பாட்டின் பலன் என்னவென்றால், ஆடுபவர் ஒரு கண்ணை ஆகாயத்திலும் மறு கண்ணை நிலத்திலும் வைக்க வேண்டியிருக்கிறது. தோற்றவர் பெரும்பாலும் தாம் எந்தப் பக்கம் பார்க்கத் தவறினோம் என்பதைத் தெளிவாகச் சொல்ல முடிகிறது. பழியை இவ்வளவு துல்லியமாகப் பங்கிட்டுக் கொடுத்த விளையாட்டு அதற்கு முன்பு இருந்ததில்லை.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. முதலில் வரும் வளைய வடிவக் கலங்கள் ஸோல்வாலுவை நெருங்கியதும் சுடாமலே திரும்பி ஓடிவிடுகின்றன. சற்றுப் பின்னர் அவையே சுட்டுவிட்டு ஓடக் கற்கின்றன. அதன் பிறகு வேறு சாதிக் கலங்கள் வருகின்றன. இந்த வரிசை இடத்தைப் பொறுத்து மட்டும் அமைந்ததன்று. ஆடுபவரின் சாமர்த்தியத்தைக் கண்காணிக்கும் ஒரு மறைவான அளவுகோல் உள்ளே ஏறிக்கொண்டே இருக்கிறது. ஆனால் எண்டோ அந்த அளவுகோலை முற்றிலும் ரகசியமாக விட்டுவிடவில்லை. 'ஸோல்பாக்' என்ற ஒருவகைத் தரைக்கூண்டு ஆங்காங்கே கிடக்கிறது. எதிரிகளுக்குச் செய்தி அனுப்பும் கண்காணிப்பு நிலையம் என்று அதற்குக் கதை. அதைக் குண்டு போட்டு அழித்தால் எதிரிகளின் உக்கிரம் குறைகிறது. நீதிபதியையே ஒரு கட்டடமாக்கித் தரையில் வைத்து, வல்லவர் அதைத் தகர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்ட இந்த யுக்தியை, அந்தக் காலத்து விளையாட்டுகளில் காணக்கிடைக்கும் மிக நேர்மையான ஏற்பாடாகவே நான் கருதுகிறேன். ஒரு பகுதியில் நூற்றுக்கு எழுபது பங்கு தூரத்தைக் கடந்தபின் மாண்டால், அதே பகுதியின் தொடக்கத்துக்குத் திருப்பி அனுப்பாமல் அடுத்த பகுதியில் இறக்கிவிடும் விதியும் இதே மனப்பாங்கிலிருந்து வந்ததுதான்.

உலகம் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது என்ற நம்பிக்கை ஒருமுறை ஏற்பட்டுவிட்டால், அதன் உள்ளே மறைந்திருக்கும் சட்டங்களையும் மனிதர்கள் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். காலி நிலத்தில் குறிவளையம் காரணமின்றிச் சிவந்து மினுங்கினால் அங்கே புதைந்திருக்கும் கோபுரம் ஒன்று வெளிப்படும். கண்ணுக்குத் தெரியாத ஒரு கொடியைக் கண்டுபிடித்தால் ஓர் உயிர் கூடுதலாகக் கிடைக்கும். இவை உண்மை. சுழன்றுகொண்டே வரும் 'பக்குரா' என்ற தகடுகளை எந்த ஆயுதமும் அழிக்காது என்பதும் உண்மை. ஆனால் 256 தடவை சுட்டால் அதுவும் உடையும் என்ற வதந்தி ஜப்பானிய இளைஞர்களிடையே காட்டுத்தீயாய்ப் பரவியது. இத்தகைய ரகசியங்களைக் கையால் எழுதி நகலெடுத்து விற்கும் சிறு பிரசுரங்கள் தோன்றின. பிற்காலத்தில் 'போக்கிமான்' என்ற விளையாட்டால் உலகப் புகழ் பெற்ற ஸடோஷி தஜிரி, 'கேம் ஃப்ரீக்' என்ற கைப்பிரதி இதழை 1983-இல் தொடங்கியது இந்தச் சூழ்நிலையில்தான். யூரிகோ கெய்னோ ஸெவியஸுக்காக அமைத்த, இடைவிடாது சுற்றிச் சுற்றி வரும் அந்த ஒரே மெட்டையும் நாம்கோவின் பிற விளையாட்டு இசைகளையும் கொண்டு ஹருஒமி ஹொஸோனோ என்ற இசைக்கலைஞர் 1984-இல் ஓர் இசைத்தட்டே வெளியிட்டார். அட்டாரி நிறுவனத்தின் மூலம் அமெரிக்கா சென்ற ஸெவியஸுக்கு அங்கே அத்தகைய வரவேற்பு கிட்டவில்லை என்பதையும் குறிப்பிடுவது முறை.

இனி அதன் குறை. பதினாறாம் பகுதி முடிந்ததும் விளையாட்டு ஏழாம் பகுதிக்குத் திரும்புகிறது, முடிவே கிடையாது. சட்டங்களைக் கற்றுத் தேர்ந்தவர் ஒரே நாணயத்தில் மணிக்கணக்காக ஆடி, ஒரு கோடிக்குப் பத்தே குறைவான 9,999,990 என்ற எண்ணில் ஸ்கோர் நின்றுவிடும் வரை இயந்திரத்தை விட்டு அகலாதிருக்க முடிந்தது. ஆடுபவருக்கு நியாயம் வழங்கியாயிற்று. கடைக்காரருக்குத்தான் அநியாயம் நேர்ந்தது.

காப்காம் நிறுவனத்தில் யோஷிகி ஒகமோட்டோ உருவாக்கிய '1942' (1984) பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அமெரிக்க பி-38 விமானம் ஒன்று பசிபிக் கடலைக் கடந்து ஜப்பானிய விமானங்களைச் சுட்டு வீழ்த்திக்கொண்டே டோக்கியோவை நோக்கிச் செல்வதாக, ஜப்பானியர்களே ஒரு விளையாட்டு செய்தது மேல்நாட்டுச் சந்தையை உத்தேசித்து என்பது வெளிப்படை. முப்பத்திரண்டு கட்டங்களாக அதை வரையறுத்து, கட்ட முடிவில் நூற்றுக்கு எத்தனை எதிரிகளை வீழ்த்தினோம் என்று மார்க் போட்டுக் காட்டியதும், தோட்டா நெருங்கும்போது விமானத்தைக் குட்டிக்கரணம் போடச் செய்து தப்பும் உரிமையைச் சில தடவைகளுக்கு மட்டும் அளவிட்டுக் கொடுத்ததும் அதன் புதுமைகள். தமிழ்நாட்டில் 1990-களில் 'டிவி கேம்' என்ற பெயரில் வீடுகளுக்கு வந்த மலிவான இயந்திரங்களின் பலவிளையாட்டுக் காசெட்டுகளில், கலாக்ஸியனோடு சேர்ந்து இதுவும் இருந்தது; காசே கேட்காத அந்த இயந்திரத்திலும் மூன்று உயிர், பிறகு ஆட்டம் முடிவு என்ற காசுக்கடைச் சட்டம் மட்டும் அப்படியே அமலில் இருந்ததை எவரும் விசித்திரமாக எண்ணியதாகத் தெரியவில்லை.

டோவாபிளான் என்ற சிறு நிறுவனம் இக்கதையில் ஒரு தனி அத்தியாயம். 'டைகர் ஹெலி' (1985) முதல் 'கியுக்யோகு டைகர்' (1987), 'தட்ஸுஜின்' (1988) வரை அதன் ஆக்கங்களில் எதிரியின் தோட்டாக்கள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் வேகம் மிக்கவை, நேரே விமானத்தைக் குறிவைத்து வருபவை. அந்த உக்கிரத்துக்கு ஈடாக அவர்கள் கொடுத்தது வெடிகுண்டு: வேறு போக்கில்லாத நொடியில் பொத்தானை அழுத்தினால் சுற்றியுள்ளவை எல்லாம் அழியும். குண்டைக் கையில் வைத்துக்கொண்டே மாண்டவர் இயந்திரத்தைத் திட்டுவது எப்படி? உபாயம் கையிலிருந்தும் உபயோகிக்கத் தவறியது அவரேயல்லவா! பிறருடைய விளையாட்டுகளும் உடனே இதை ஏற்றுக்கொண்டதற்கு, பழியை இவ்வளவு மலிவாக ஆடுபவர் தலையில் சுமத்தும் வேறு கருவி அகப்படாததே காரணம் என்பேன்.

ஆயினும், மாண்டவர் சேர்த்துவைத்த ஆயுத பலம் அனைத்தையும் பறித்துக்கொண்டு, பாதை நடுவே குறித்த இடத்துக்குப் பின்னோக்கி அனுப்பி, பலசாலியாக இருந்தபோதே கடக்க முடியாத இடத்தை வெறுங்கையோடு கடக்கச் சொன்ன விதி, ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனை விதித்ததற்குச் சமம். தட்ஸுஜினை ரஸிகர்கள் இன்றும் கொண்டாடுகிறார்கள். அதன் கம்பீரத்தை நானும் மறுப்பதில்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அது கடைக்காரரின் பக்கமே சாய்ந்தது.

இதற்கிடையே, தோற்ற இடத்திலிருந்தே மறு நாணயம் போட்டுத் தொடரும் வசதி எங்கும் பரவிற்று. காசுள்ளவர் எவரும் முடிவைக் காணலாம் என்றான பிறகு, முடிவைக் கண்டதில் பெருமை என்ன இருக்கிறது? ஜப்பானிய ஆட்டக்காரர்கள் இதற்குத் தாங்களே ஒரு விரதம் ஏற்படுத்திக்கொண்டார்கள்: ஒரே நாணயத்தில் முடித்தால்தான் முடித்ததாகக் கணக்கு. இவ்விரதம் பரவப் பரவ வல்லவர்களின் கை தேர்ந்தது. அவர்களை வீழ்த்த அடுத்த விளையாட்டு இன்னும் கடுமையாக்கப்பட்டது. கடுமையைக் கண்ட புதியவர்கள் விலகிப்போனார்கள். 1991-இல் காப்காமின் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' வந்தபோது, கடைக்காரரின் பழைய சங்கடம் வேறொரு வழியில் தீர்ந்தது. எதிரெதிரே நிற்கும் இரண்டு மனிதர்களில் எப்படியும் ஒருவர் சில நிமிஷங்களில் தோற்றே தீருவார். தோற்கடித்தது சக மனிதரானபடியால் இயந்திரத்தின் மேல் பழியும் இல்லை. விமான விளையாட்டுகள் கடையின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டதில் ஆச்சரியம் ஏது? 'ரைடன்' (1990) போன்ற சில இருவர் சேர்ந்து ஆடும் வசதியால் தாக்குப்பிடித்தன. டோவாபிளான் 1994-இல் திவாலாயிற்று.

அந்த இடிபாட்டுக்குப் பிறகு வந்தவர்கள் இரு திசைகளில் சென்றார்கள்; ஸெவியஸுக்குப் பிறகு நம் கேள்விக்குக் கிடைத்த ஆழமான பதில்கள் இவர்களுடையவையே. முதலாவது, ரைஸிங் நிறுவனத்தில் ஷினோபு யகாவா ஆக்கிய 'பேட்டில் கரெக்கா' (1996). இதிலும் மறைவான அளவுகோல் ஒன்று உண்டு. ஆனால் அது ஆடுபவரின் ஒவ்வொரு செயலையும் கணக்கெழுதுகிறது. சுடும் ஒவ்வொரு தோட்டாவும், எடுக்கும் ஒவ்வொரு பொருளும் எதிரியின் வலுவைச் சிறிது உயர்த்துகின்றன. எல்லா விளையாட்டுகளும் வாரிக்கொள்ளச் சொன்ன ஆயுதங்களை இங்கே வாரிக்கொண்டவர் பாதி வழியில் தாங்க முடியாத தாக்குதலுக்கு ஆளாகிறார். அளவுகோலைத் தாழ்த்தும் வழி ஒன்றே: சாவது. கையில் மிஞ்சியுள்ள உயிர்கள் குறைவாக இருக்கும்போது செத்தால் இன்னும் அதிகமாகத் தாழும். ஆகவே, நிதானமாகச் சுட்டு, தேவையானதை மட்டும் எடுத்து, குறித்த இடங்களில் வேண்டுமென்றே விமானத்தைப் பலி கொடுத்து, ஸ்கோரினால் கிடைக்கும் புது உயிர்களால் அந்த நஷ்டத்தை ஈடுகட்டுவதே இதன் வித்தை. மரணத்தைத் தண்டனை என்ற ஸ்தானத்திலிருந்து இறக்கிச் செலவுக் கணக்கில் எழுதிய துணிச்சலை வியக்காமலிருக்க முடியவில்லை. ஆனால் இவ்வளவு நுட்பமான சட்டத்தை எங்கும் எழுதிவைக்காமல், முதல் நாணயம் போட்டவரைப் பேராசைக்குத் தூண்டி, அந்தப் பேராசைக்காகவே தண்டித்ததை நியாயம் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. சில்லுகளைப்போல் நீண்டு மங்கிய அதன் தோட்டாக்கள் வெடிப்புகளின் நடுவே கண்ணுக்கே புலப்படாமல் போனதும் சேர்ந்து, தொடக்கக்காரர்களை விரட்டியது.

மற்றொரு திசையில் சென்றது கேவ் நிறுவனம். டோவாபிளானின் கடைசி ஆக்கங்களில் ஒன்றான 'பட்ஸுகன்' காட்டிய வழியைப் பின்பற்றி, ட்ஸுனேகி இகெடா முதலானோர் 'டொன்பாச்சி' (1995), 'டொடொன்பாச்சி' (1997) என்ற விளையாட்டுகளில் எதிரித் தோட்டாக்களைப் பல மடங்கு பெருக்கினார்கள். இளஞ்சிவப்பிலும் நீலத்திலும் விசிறிகளாகவும் சுருள்களாகவும் திரை முழுவதும் தோட்டா நிறைந்திருப்பதைக் காண்பவர், மனிதனால் இது ஆகாது என்றே தீர்மானிப்பார். அதுதான் இதிலுள்ள சூட்சுமம். தோட்டாக்கள் மெதுவாக வருகின்றன, பளிச்சென்று தெரிகின்றன, விமானத்தின் உருவம் முழுவதும் எதிரிக்கு இலக்கல்ல, அதன் மையத்தில் உள்ள சில புள்ளிகள் மட்டுமே. தூறலில் அகல் விளக்கை எடுத்துச் செல்பவள் சேலைத் தலைப்பு நனைவதைப் பொருட்படுத்துவாளா? சுடர் அணையாதிருந்தால் போதும். லேசர் ஆயுதத்தைத் தொடர்ந்து அழுத்தினால் விமானத்தின் வேகம் குறைந்து, நூலிழை இடைவெளிகளில் நுழைய முடிகிறது. தோட்டா மிகுந்த நொடிகளில் பிராஸஸரே திணறி ஆட்டத்தை நிதானப்படுத்துகிறது. இருபது ஆண்டுகளுக்கு முன் நிஷிகாடோவுக்கு எதிரியின் வேகமாக வாய்த்த அதே இயந்திரப் பலவீனம், கேவின் கையில் ஆடுபவருக்கு அவகாசமாக மாறிற்று.

டோவாபிளானின் ஒற்றைத் தோட்டாவுக்கு மறுமொழி அனிச்சையான அசைவு. கேவின் திரைக்கு மறுமொழி வாசிப்பு. தவறு நேர்ந்த இடத்தைப் பின்னோக்கிப் பார்த்துச் சொல்லிவிட முடியும். இதனால், பார்வைக்கு மிகக் கொடூரமான இவ்வகையே உண்மையில் மிக நியாயமானது என்று நான் துணிந்து சொல்வேன். அப்படியானால் கடைக்காரருக்கு என்ன பதில்? எதிரிகளை இடைவிடாமல் சங்கிலிபோல் வீழ்த்தினால் ஸ்கோர் பன்மடங்காகப் பெருகும். சங்கிலி அறுந்துவிடக் கூடாதே என்ற ஆசையில் தேர்ந்தவர் தாமாகவே ஆபத்தின் நடுவே பாய்கிறார். போதிய திறமை காட்டியவருக்கு மட்டும் இரண்டாம் சுற்று ஒன்று திறக்கும். அதன் கடைசியில் 'ஹிபாச்சி' என்ற எதிரி காத்திருக்கும். பிழைத்திருப்பதோடு திருப்தியடையாதவரை அவருடைய ஆசையே கொல்கிறது. ஆபத்தைத் தேடி வாங்கும் கலகாவின் பழைய யுக்தி இங்கே முழு வளர்ச்சி பெற்றிருக்கிறது.

ஹிரோஷி இயுச்சியின் 'இகருகா' (2001), தோட்டாக்களை வெள்ளை, கறுப்பு என இரண்டாகப் பிரித்து, விமானம் எந்த நிறத்தில் இருக்கிறதோ அந்த நிறத் தோட்டாவை விழுங்கிவிடலாம் என்ற ஒரே சட்டத்தின் மேல் எழுந்த கட்டடம். மனப்பாடம் செய்தவருக்கே அது வசப்படும் என்பதால், அதை அரங்கேற்றத்துக்குரிய கலை என்று மதிக்கிறேனேயன்றி, முதல் முறை ஆடுபவருக்கு இணக்கமானதென்று கூற மாட்டேன்.

காசுக்கடையே நடுவில் இல்லாமற்போனால் என்ன ஆகும் என்பதற்கு விடை, ஸுன் என்ற புனைபெயர் கொண்ட ஒருவர் ஏறத்தாழத் தனி ஆளாக ஆக்கிவரும் 'டோஹோ' வரிசை. வீட்டுக் கம்ப்யூட்டருக்காகவே செய்யப்பட்டு, ரஸிகர் சந்தைகளில் விற்கப்பட்ட இவ்வரிசையில், 2002-ஆம் ஆண்டு ஆக்கத்திலிருந்து முக்கிய எதிரிகளின் சிறப்புத் தோட்டாக் கோலங்கள் தனித்தனிப் பெயரோடு அறிவிக்கப்படுகின்றன. தோட்டாவை உரசிக்கொண்டு சென்றால் அதற்கும் பரிசு உண்டு. அடுத்த காசுக்காக யாரையும் அவசரமாக வெளியேற்ற வேண்டிய நிர்ப்பந்தம் இல்லாதபோதும் இவ்விளையாட்டுகள் எளிமையடையவில்லை என்பது கவனிக்கத்தக்கது. கடினம் என்பது கடைக்காரரின் லாபத்துக்காக மட்டும் ஏற்பட்டதென்று வாதிடுபவர்கள் இந்தச் சான்றை எவ்விதம் சமாளிப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

பழைய ஆக்கங்களை இன்றைய வீட்டு இயந்திரங்களுக்கு மாற்றித்தரும் எம்-டூ நிறுவனம் 2016-இல் பேட்டில் கரெக்காவை வெளியிட்டபோது, திரையின் இரு பக்கத்திலும் மிஞ்சிய காலி இடத்தில், இருபது ஆண்டுகளாக மறைந்திருந்த அந்த அளவுகோலின் ஏற்ற இறக்கத்தை நொடிக்கு நொடி காட்டும்படி செய்தது. பழைய விளையாட்டில் ஒரு தோட்டாவும் மாறவில்லை. எனினும் ஒரு பொருளை எடுத்ததும் ஓரத்து அளவு உயர்வதைக் கண்டு, அடுத்ததை எடுக்கலாமா வேண்டாமா என்று தயங்கும் தொடக்கக்காரர், 1996-இல் அதே இயந்திரத்தின் முன் நின்றவருக்குக் கிடைக்காத விசாரணை உரிமையைப் பெற்றுவிடுகிறார். எதிர்ப்பக்கத்து ஆட்சேபமும் எளிதில் தள்ளத்தக்கதன்று: ஓரத்து எண்ணையே பார்த்துக்கொண்டிருப்பவர் நடுவே நகரும் நிலத்தைப் பார்ப்பதில்லை, போர் கணக்கப்பிள்ளை வேலையாகிவிடுகிறது. இரண்டையும் எடைபோட்டால், அளவுகோலைக் கணக்கேட்டில் ஒளித்துவைத்த யகாவாவின் வழியையும், ஓரத்தில் எழுதிக்காட்டிய எம்-டூவின் வழியையும்விட, அதற்கு ஓர் உருவம் கொடுத்துக் காட்டுக்கும் நதிக்கும் நடுவே, குண்டு எட்டும் தூரத்தில் வைத்த எண்டோவின் வழியே எனக்கு உகந்தது. பிற்கால விளையாட்டுகளில் அதைப் பின்பற்றியவர்கள் மிகச் சிலரே.